தலைமை உபாத்தியாயர் நியமனமும் நியாயஸ்தலங்களும்

பள்ளிக்கூடம் நிறுவுதற்குப் பொருள் சேர்ப்பதும், சேர்த்த பொருளைக் கொண்டு கட்டடம் எழுப்புவதும் அரிய காரியங்களே. ஆயினும் அவற்றினும் அரியது அப்பள்ளிக்கூடத்துக்கு ஒரு தலைமை உபாத்தியாயரைத் தேர்ந்து நாற்காலியில் அமர்த்துவது என்பதை, வித்தியாசாலை நடத்தும் சங்கங்களோடு தொடர்புடைய நம்மனோர் யாவரும் அநுபவத்தால் அறிவர். கல்லும் சுண்ணாம்பும் வழக்காடுவதில்லை. இருபது வருஷம் பாடஞ்சொல்லி, தமக்கு முன்னிருந்தவர் எப்பொழுது ஓய்வு பெறுவாரென நாள் எண்ணிக்கொண்டிருந்த உபாத்தியாயர், தமக்குக் கிடைக்கவேண்டிய இடத்தில் இளையவர் ஒருவர் வந்தமரக் கண்டால் வழக்காடாமல் என் செய்வார்?

அவர் கட்சியில் நியாயமுண்டு. பள்ளியை நிறுவினவர் கட்சியிலும் நியாயமுண்டு. “எம் முன்னோர் வீடுவீடாய்ச் சென்று பிடியரிசி வாங்கி நடத்திய பள்ளியிது, இதன் தலைமையில் யார் இருப்பதென்று எமக்குத் தெரியாதா?” என்பது அவர்கள் வாதம். இவ்விரு நியாயங்களும் மோதிய வரலாறு மலையாள நாட்டில் மிகத் தெளிவாய்க் காணக்கிடக்கின்றது. அங்கே ஒரு காலத்தில் கிறிஸ்தவ மேற்றிராணிமாரும் ஒரு பெரிய ஜாதிச் சங்கத்தாரும் பள்ளிகளின் உரிமைக்காக ஒரே பந்தலில் தோளோடு தோள் நின்றார்கள். பின்னர்ச் சட்டம் அவ்விரு திறத்தாரையும் இருவேறு வழியில் நிறுத்திவிட்டது. நம்மைப் போன்ற சங்கத்தார் அறியவேண்டிய செய்தி அதிலிருத்தலால், அதனைச் சற்று விரித்துரைக்கத் துணிந்தோம்.

பழைய முறையை முதலிற் கூறுவோம். 1854-ம் வருஷத்தில் ஸர் சார்ல்ஸ் உட் என்பவர் சீமையிலிருந்து விடுத்த கல்வி நிருபத்தின்பின், தனியார் பள்ளிகளுக்குச் சர்க்கார் பொருளுதவி செய்யும் வழக்கம் இந்நாட்டில் வேரூன்றியது. பணத்தில் ஒரு பங்கு சர்க்காருடையது, நியமனமோ மானேஜருடையது. உபாத்தியாயரை அமர்த்துவதும் விலக்குவதும் பெரும்பாலும் அவர் திருவுள்ளம். சம்பளப் பட்டியில் ஒரு தொகைக்குக் கையொப்பம் வாங்கிக்கொண்டு அதிற் குறைந்த தொகையைக் கையிற் கொடுக்கும் கொடுமையும் மலையாளத்துப் பள்ளிகள் பலவற்றில் நடந்ததுண்டு. இதனை மறைத்துப் பேசுவதிற் பயனில்லை. பின்வந்த சட்டங்களெல்லாம் வானத்திலிருந்து குதித்தனவல்ல.

நியாயஸ்தலங்களும் அக்காலத்தில் இத்தகைய விவகாரங்களில் தலையிட எளிதில் ஒருப்படவில்லை. சீமையிலும் அவ்வாறே. அங்கே ரக்பி என்னும் புகழ்பெற்ற பள்ளிக்கு 1869-ம் வருஷத்தில் ஹேமன் என்பவர் தலைமை உபாத்தியாயராய் நியமிக்கப்பட்டார். தொடக்கத்திலேயே அந்நியமனத்துக்கு எதிர்ப்புக் கிளம்பியது. உடனிருந்த உபாத்தியாயர்களோடும் அவருக்கு ஒத்துப்போகவில்லை. 1873-ம் வருஷ இறுதியில் பள்ளியின் நிர்வாக சபையார் அவரை நீக்கினர். அவர் சான்ஸரி நியாயஸ்தலத்தை அடுத்தார். நியாயாதிபதி மாலின்ஸ் அவரிடத்து இரக்கங் காட்டினாரெனினும், நிர்வாக சபையாருக்குச் சட்டம் அளித்த அதிகாரத்தில் தாம் குறுக்கிடுதற்கில்லை என்று 1874-ல் கூறிவிட்டார். நிறுவினவர் அல்லது அவர்தம் பிரதிநிதிகள் வைத்ததே சட்டம் என்பதே பழைய கொள்கை.

மலையாளத்தில் இக்கொள்கைக்கு முதற் பேரடி விழுந்தது 1957-ம் வருஷத்தில். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் பதவியேற்ற நம்பூதிரிப்பாட் மந்திரிசபையில் கல்வி மந்திரியாயிருந்தவர் ஜோஸப் முண்டசேரி. இவர் தாமும் கத்தோலிக்கர். திருச்சூர்ப் பரிசுத்த தோமா கலாசாலையில் நெடுங்காலம் ஆசிரியராயிருந்தவர். மலையாள இலக்கியத்தில் பேர்போன விமரிசகர். ஆகவே தனியார் கல்வி நிலையங்களின் உள்ளும் புறமும் அறிந்தவர். இவர் கொணர்ந்த கல்வி மசோதா, உபாத்தியாயர் சம்பளத்தைச் சர்க்காரே நேரிலாவது தலைமை உபாத்தியாயர் மூலமாவது கொடுக்கவேண்டுமென விதித்தது. மானேஜர் கையிலிருந்த பணப்பை இவ்வாறு தலைமை உபாத்தியாயர் கைக்கு மாறியது. நேயர்கள் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும். அந்நாற்காலியின்மேல் இத்தனை போட்டி எழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அன்றியும், உதவிபெறும் பள்ளிகளுக்கு உபாத்தியாயரைப் பப்ளிக் ஸர்வீஸ் கமிஷன் தெரிந்தெடுத்த ஜாபிதாவிலிருந்தே எடுக்கவேண்டும் என்றும் ஒரு பிரிவு இருந்தது.

சட்டசபையில் நிறைவேறிய மசோதாவை ராஷ்டிரபதி உடனே ஒப்பவில்லை. அரசியல் சட்டத்தின் 143-வது பிரிவின்படி ஸுப்ரீம் கோர்ட்டாரின் அபிப்பிராயத்தைக் கேட்டார். பிரதம நியாயாதிபதி எஸ். ஆர். தாஸ் தலைமையில் எழுவர் அமர்ந்து விசாரித்து, 1958-ம் வருஷம் மே மாதம் 22-ம் தேதி அபிப்பிராயம் கூறினர். ஆராய்ச்சியின் நடுநாயகமாய் நின்றது அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவு. மதத்தாலோ மொழியாலோ சிறுபான்மையோராயிருப்பவர் தமக்கு விருப்பமான கல்வி நிலையங்களை நிறுவவும் நிர்வகிக்கவும் உரிமையுடையர் என்பது அப்பிரிவு. நிர்வகிக்கும் உரிமை என்பதில் சீர்கேடாய் நிர்வகிக்கும் உரிமை அடங்காது என்று கூறிய நியாயாதிபதிகள், நியமனத்தைப் பற்றிய பிரிவுகள் அவ்வுரிமையைப் பெரிதும் குறைப்பனவே என்று ஒப்புக்கொண்டும், சர்க்கார் பணம் பெறுவோர் அந்நிபந்தனைகளைத் தாங்கவேண்டியவரே என மனக்குறையோடு அவற்றை அனுமதித்தனர். பள்ளிகளைச் சர்க்கார் கைப்பற்றிக்கொள்ளும் பிரிவுகள் சிறுபான்மையோர் பள்ளிகளைப் பொறுத்தவரை செல்லா என்றனர். அங்கீகாரத்தைப் பற்றிய ஓர் அம்சத்தில் மாறுபட்ட அபிப்பிராயம் எழுதியவர் நம் தமிழ்நாட்டவரான டி. எல். வெங்கடராமய்யர். தீட்சிதர் கீர்த்தனங்களில் தேர்ந்து, 1944-ல் சங்கீத கலாநிதி என்னும் விருது பெற்றவரும் இவரே.

திருத்தப்பட்ட மசோதா 1959-ல் சட்டமாயிற்று. அதனை எதிர்த்து மூண்ட கிளர்ச்சிக்கு விமோசன சமரம் என்று பெயர். கத்தோலிக்க மேற்றிராணிமார் ஒருபுறமிருக்க, அக்கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கி நடந்தவர் நாயர் ஸர்வீஸ் ஸொஸைட்டியின் மன்னத்துப் பத்மநாபன். இச்சங்கம் 1914-ல் தோன்றியது. மறுவருஷமே கருகச்சால் என்னும் ஊரில் தன் முதற் பள்ளியை நிறுவியது. பின்னர்ப் பள்ளிகளும் கலாசாலைகளுமாகப் பெருகியது. மன்னம் இளமையில் உபாத்தியாயராய்ப் பணி செய்து பின் வக்கீலானவர். உபாத்தியாயரின் வயிறும் வக்கீலின் வாயும் இரண்டும் அறிந்தவர் என்று சொல்லலாம். சமுதாயத்தார் தேங்காயும் அரிசியும் கொடுத்து வளர்த்த பள்ளிகளைச் சர்க்கார் பறிக்க வருகின்றது என்பது அவர் முறையீடு. 1959-ம் வருஷம் ஜூலை மாதம் 31-ம் தேதி மந்திரிசபை நீக்கப்பட்டது. அடுத்து வந்த மந்திரிசபை 1960-ல் சட்டத்தைத் திருத்தி, தகுதியுள்ளவர்களிலிருந்து உபாத்தியாயரை நியமிக்கும் அதிகாரத்தை மீண்டும் மானேஜருக்கே அளித்தது.

மானேஜர்கள் வெற்றி பெற்றோமென்று களித்தனர். ஆனால் சட்டத்தைப் பார்த்தவர்கள் விதிகளைப் பார்க்கவில்லை. 1959-ம் வருஷத்துக் கேரளக் கல்வி விதிகளில் பதினான்காம் அத்தியாயத்தில் 44-வது விதி என்று ஒன்று இருந்தது. தலைமை உபாத்தியாயர் நியமனம், பள்ளியில் வைத்திருக்கும் முதுமை வரிசைப் பட்டியின்படி, சாதாரணமாய் மூத்தவருக்கே செல்லவேண்டும் என்பது அதன் கருத்து. நியமனஞ் செய்பவர் மானேஜரே. ஆயினும் குறையுள்ள உபாத்தியாயர் கல்வி இலாகாவுக்கு அப்பீல் செய்துகொள்ளலாம்.

‘சாதாரணமாய்’ என்ற அந்த ஒரு சொல்லில் மானேஜர்கள் தங்கள் நம்பிக்கையை வைத்தனர். அசாதாரணமான சமயம் வந்தால் இளையவரை நியமிக்கலாமன்றோ? ஆனால் விதியின்கீழ் இருந்த ஒரு சிறு குறிப்பு அந்தக் கதவையும் ஏறக்குறையச் சாத்திவிட்டது. மூத்தவரைத் தவிர்த்து வேறொருவரை நியமிக்க மானேஜர் எண்ணினால், ‘என் உரிமையை நிரந்தரமாய் விட்டுக்கொடுத்தேன்’ என்று மூத்தவரிடமிருந்து எழுத்து மூலம் சம்மதம் பெறவேண்டும். அச்சம்மதத்தைக் கல்வி அதிகாரியும் ஒப்பவேண்டும் என்பது அக்குறிப்பு. யார் தருவார் அத்தகைய சம்மதத்தை? தலைமைப் பதவியோடு சம்பள உயர்வு உண்டு; ஓய்வுச் சம்பளமோ கடைசியில் வாங்கிய சம்பளத்தைக் கொண்டு கணக்கிடப்படுவது. ஒரு காகிதத்தில் கையொப்பமிட்டால் ஆயுள் முழுதும் நஷ்டம். மனமார எழுதிக்கொடுத்தவரும் இருக்கலாம். உடல்நலிவாலோ பொறுப்பை அஞ்சியோ விலகினவரும் இருக்கலாம். முகதாட்சணியத்துக்காகவும் மானேஜரின் மனஸ்தாபத்துக்கு அஞ்சியும் எழுதிக்கொடுத்துவிட்டுப் பிறகு வருந்துபவர் நிலையை எண்ணித்தான் விதி செய்தவர்கள் அதிகாரியின் ஒப்புதலையும் சேர்த்தனர் போலும்.

இவ்விதி மேற்றிராணிமார் பள்ளிகளையும் ஜாதிச் சங்கத்தார் பள்ளிகளையும் ஒன்றுபோலவே கட்டியது. கட்டை முதலில் அறுக்க முயன்றவர் கோழிக்கோட்டு மேற்றிராணியார் ஆல்டோ மரியா பத்ரோனி. அவர் மேற்பார்வையிலிருந்த பள்ளியொன்றின் தலைமைப் பதவி பற்றிய விவகாரம் கேரள ஹைக்கோர்ட்டின் முழு பெஞ்சுக்கு வந்தது. 1964-ல் கூறிய தீர்ப்பில் நியாயாதிபதிகள், ஒரு பள்ளியின் வாழ்வில் தலைமை உபாத்தியாயர் பதவி அச்சாணி போன்றது, பள்ளியின் பண்பும் ஒழுங்கும் அவரைச் சுற்றியே சுழல்கின்றன என்னும் கருத்தை வற்புறுத்தினர். அத்தகைய பதவிக்கு ஆளைத் தெரிந்தெடுக்கும் சுதந்தரம் இல்லையானால் நிர்வகிக்கும் உரிமை பெயரளவில் நிற்கும். ஆகையால் சிறுபான்மையோர் பள்ளியை 44-வது விதி கட்டாது என்று தீர்ந்தது.

ஐந்தே வருஷங்களுக்கு முன் ஒரே பந்தலில் நின்றவர்களுள் ஒருவருக்கு விடுதலை கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை. நாயர் ஸர்வீஸ் ஸொஸைட்டியாரும், 1903-ல் ஸ்ரீ நாராயண குருவின் தலைமையில் தோன்றிய எஸ். என். டி. பி. யோகத்தாரைச் சேர்ந்த பள்ளிகளும் ஜாதியால் ஒரு சமூகத்தார் நடத்துபவையேயன்றி, மதத்தாலோ மொழியாலோ சிறுபான்மையோருடையவை அல்ல. அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவில் ஜாதி என்னும் சொல்லே இல்லை.

அதன்பின் மேற்கோர்ட்டில் நடந்தவற்றைச் சுருங்கக் கூறுவோம். கேரள ஸர்வகலாசாலைச் சட்டத்தைப் பற்றிய வழக்கில் 1970-ல் பிரதம நியாயாதிபதி ஹிதாயதுல்லா, நிர்வாகமென்பது நிறுவினவர் தாம் நினைத்தவாறு நிலையத்தை உருவாக்கும் சுதந்தரம் என விளக்கினார். 1974-ல் ஆமதாபாத் சேவியர் கலாசாலை வழக்கில் ஒன்பது நியாயாதிபதிகள் அமர்ந்தனர். அவர்களுள் ஒருவரான கே. கே. மாத்யூ, கலாசாலைத் தலைவரைத் தெரிந்தெடுக்கும் உரிமையே நிர்வாக உரிமையின் மிக முக்கியமான கூறாகலாம் என்று எழுதினார். இவர் கோட்டயத்துப் பக்கத்தவர். முன்னர்க் கேரள ஹைக்கோர்ட்டில் நியாயாதிபதியாயிருந்தவர்.

1998-ல் தீர்ந்த எம்ஜே ஹைஸ்கூல் வழக்கு நம் பொருளுக்கு மிக நெருங்கியது. சற்றே நின்று பார்க்கத்தக்கது. அது முஸ்லிம்கள் நடத்தும் உதவிபெறும் பள்ளி. தலைமைப் பதவி காலியானபோது, நிர்வாகத்தார் உள்ளிருந்த மூத்த உபாத்தியாயரை நியமியாமல் வேறொருவரைக் கொணர்ந்தனர். மூத்தவர் வழக்கிட்டார். அவர் கூறிய வாதங்களுள் ஒன்று நுட்பமானது: இப்பள்ளி சிறுபான்மையோர் பள்ளியென்று சர்க்கார் அறிவித்தது அண்மையிலேதான், அவ்வறிவிப்புக்கு முன் எனக்குத் தோன்றிய உரிமையை அது எவ்வாறு போக்கும்? ஸுப்ரீம் கோர்ட்டார் இதனை ஏற்கவில்லை. சர்க்காரின் அறிவிப்பு, உள்ளதை உள்ளதென்று ஒப்புக்கொள்வதே. புதிதாய் ஒரு நிலையை உண்டாக்குவதன்று. பள்ளி சிறுபான்மையோரால் நிறுவப்பட்ட நாள்முதல் அத்தன்மையுடையதே. பிள்ளை பிறந்தது முனிசிபாலிடியார் ஜனன சர்ட்டிபிகேட் கொடுத்த நாளிலன்று என்பதுபோல இதனைக் கொள்ளலாம். உள்ளே தகுதியுடையார் இருக்க வெளியிலிருந்து கொணரலாமா என்ற கேள்விக்கும், தகுதியுள்ள எவரையும் தெரிந்தெடுக்கும் உரிமை 30-வது பிரிவின் காப்புக்குள் அடங்கும் என்றே விடை வந்தது. தகுதியென்ற வரம்பை மாத்திரம் எவரும் தாண்டவியலாது. 2006-ல் மலங்கரை சிரியன் கத்தோலிக்கக் கலாசாலை வழக்கிலும், சர்க்கார் உதவி பெறுவதனால் இவ்வுரிமை அழிந்துவிடாது என்று மீண்டும் உறுதியாயிற்று.

அந்த மூத்த உபாத்தியாயரைக் குறித்து நாம் ஒரு வார்த்தை சொல்லாமல் போவது தகாது. நியாயஸ்தலத்தார் எடுத்துப் பேசியதெல்லாம் சமூகத்தின் உரிமை, நிலையத்தின் பண்பு என்பனவே. அவ்வுபாத்தியாயரின் வருஷங்கள் தராசின் எந்தத் தட்டிலும் வைக்கப்படவில்லை. இவ்வகை வழக்குகளில் தோற்ற உபாத்தியாயரும் பலகாலும் அதே சமூகத்தைச் சேர்ந்தவராகவே இருத்தல் கூடும். சமூகத்தின் உரிமையென்று நாம் சொல்லும்போது, சமூகத்தின் பெயரால் அந்த அறையில் உட்கார்ந்து கையொப்பமிடும் சிலருடைய உரிமையையே பெரும்பாலும் கருதுகின்றோம்.

ஜாதிச் சங்கத்துப் பள்ளிகளை நடத்துவோர் மனக்குறை நமக்குத் தெரியாததன்று. “அடுத்த தெருவிலுள்ள மிஷன் பள்ளிக்குள்ள சுதந்தரம் எமக்கேன் இல்லை? எம் பள்ளிக்கும் ஒரு மரபில்லையா?” என்று அவர்கள் கேட்பர். கேள்வி தவறன்று. 2002-ல் டி. எம். ஏ. பாய் வழக்கில் பதினொரு நியாயாதிபதிகள் அமர்ந்து, கல்வி நிலையம் நிறுவி நடத்தும் உரிமை எல்லாப் பிரஜைகளுக்கும் உண்டென்று கூறியபோது, அக்குறை தீர்ந்ததென்று சிலர் மகிழ்ந்தனர். ஆனால் உதவி பெறாத பள்ளிகளுக்கே அதனாற் பெரும்பயன். சம்பளத்தைச் சர்க்கார் கொடுக்கும் பள்ளியில், நிபந்தனை வைக்கும் அதிகாரம் சர்க்காருக்கு நின்றது.

நம் அபிப்பிராயத்தை மறைப்பானேன்? அந்தக் கட்டினால் ஜாதிச் சங்கங்கள் இழந்தது அவர்கள் நினைக்குமளவு பெரிதன்று. மூத்தவர் வரும் முறையில், தேர்தலில் வென்ற கட்சியார் தம்மவரை நுழைக்கவும், தோற்ற கட்சியார் அவரைத் துரத்தவும் இடங் குறைவு. சங்கத் தேர்தல் சச்சரவுகள் பள்ளியின் தலைமை நாற்காலி வரை சென்ற ஊர்களை நாம் கண்டிருக்கின்றோம். எனினும், மூத்தவர் ஒருவர் நோயாலோ சோம்பலாலோ பள்ளியைப் பாழாக்கும் நிலையில், வருஷக் கணக்கு ஒன்றையே பார்க்கும் விதி பிள்ளைகளுக்குத் துரோகஞ் செய்கின்றது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சிறுபான்மையோர் உரிமையும் என்றும் ஒரே நிலையில் நிற்கவில்லை. மேற்கு வங்காளத்தில் 2008-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று, உதவிபெறும் மதரஸாக்களுக்கு உபாத்தியாயரைத் தெரிந்தெடுக்கக் கமிஷன் ஒன்றை ஏற்படுத்தியது. கல்கத்தா ஹைக்கோர்ட்டார் அதைச் செல்லாதென்றனர். ஆனால் 2020-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் ஸுப்ரீம் கோர்ட்டின் இரு நியாயாதிபதிகள் அச்சட்டத்தைச் செல்லுமென்று நிலைநிறுத்தினர். கணக்கும் விஞ்ஞானமும் போன்ற பொதுப்பாடங்களைக் கற்பிப்பதில் சிறந்தவரைப் பொறுக்குவது சர்க்காரின் கவலையாகலாம் என்பது அவர்கள் கருத்து. 1958-ல் மனக்குறையோடு அனுமதித்த ஒன்றை, அறுபது வருஷங்களின்பின் மனமுவந்து அனுமதித்ததுபோல இது தோன்றுகின்றது.

இனி நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே 1973-ம் வருஷத்துத் தனியார் பள்ளிகள் சட்டமும், அதன்கீழ் 1974-ல் பிறந்த விதிகளும் நெடுங்காலம் ஆண்டன. பின்னர் 2018-ம் வருஷத்துச் சட்டம் அவற்றின் இடத்தைப் பெற்றது. அப்பழைய விதிகளில் 15-வது விதி மலையாளத்து 44-வது விதியினும் வேறுபட்டது. பதவி உயர்வுக்குத் தகுதியும் திறமையுமே முதற் கருவி. அவ்விரண்டும் ஏறக்குறையச் சமமாயிருந்தால் மாத்திரமே முதுமை பார்க்கப்படும். உள்ளே தகுதியுடையார் இருக்க வெளியிலிருந்து கொணர்தல் கூடாது. ஒருவருமில்லையெனில் அப்பால் பார்க்கலாம். நியமிக்கும் அதிகாரம் சட்டப்படி அமைந்த பள்ளிக் கமிட்டிக்கு உரியது. தெலுங்கு, சௌராஷ்டிரம் முதலிய மொழி பேசும் சமூகத்தார் மொழிச் சிறுபான்மையோர் என்ற முறையில் 30-வது பிரிவின் நிழலை நாடலாம். தமிழ் பேசும் இந்துச் சமூகங்களின் சங்கங்களுக்கு அந்நிழலில்லை.

மலையாளத்து விதியைப் பார்க்க, நம் விதி நிர்வாகத்தாருக்கு அதிக இடங் கொடுப்பதாய்த் தோன்றும். அதே இடத்தில்தான் வழுக்கி விழுந்தவரும் பலர். முதுமையை எண்ணுதற்கு நாட்காட்டி போதும். திறமையை எதனால் அளப்பது? இளையவரை நியமித்த கமிட்டியார் சென்னைக் கோர்ட்டில் நின்று, ‘அவரே திறமை மிக்கவர்’ என்றால், இருவரையும் எப்பொழுது ஒப்பிட்டீர், எந்த ரிக்கார்டுகளைப் பார்த்தீர், மூத்தவரிடம் கண்ட குறை யாது, அதை அவருக்கு முன்னரே அறிவித்தீரா என்னும் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாய் வரும். அப்பொழுது வக்கீல் கேட்பது கமிட்டியின் மினிட்டுப் புஸ்தகத்தை. அதில் அன்றைத் தேதியிட்டு, பெயர் ஒன்றை எழுதி, ‘ஏகமனதாய்த் தீர்மானிக்கப்பட்டது’ என்ற ஒரே வரி மாத்திரம் இருக்குமாயின், அவர் புஸ்தகத்தை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு, வாய்தா வாங்கலாமா என்று கேட்பார்.